உண்டியலை உடைத்த கதை

சீட்டுக் கட்டாத வீடு நம் பக்கத்தில் உண்டா? குலுக்கல் சீட்டு, ஏலச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு என்று ஏதாவது ஒன்றுக்கு எந்தக் குடும்பத் தலைவியும் ஒரு தடவையாவது பெயர் கொடுத்திருப்பாள். இருபது பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போடுகிறார்கள். சேர்ந்த பணத்தை மாதம் ஒருவராக எடுத்துக் கொள்கிறார்கள். இருபதாவது மாதம் சீட்டு முடிகிறது. கணக்குத் தீர்ந்தது, எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இதே சீட்டைப் பாத்திரம் வாங்குவதற்குப் பதில் வீடு வாங்குவதற்காகப் பிடித்தால் எப்படி இருக்கும்?

சீமையிலே அப்படித்தான் பிடித்தார்கள். இரண்டு வருஷமல்ல, இரண்டரை நூற்றாண்டாகப் பிடித்து வருகிறார்கள். அந்தச் சீட்டு எப்படி வளர்ந்தது, வளர்ந்த பிறகு அதை யார் உடைத்தார்கள், உடைத்தவர்களுக்கு என்ன மிஞ்சியது என்பதுதான் இந்த வாரத்துச் சமாசாரம். "இங்கிலாந்துக்காரன் வீட்டுக் கடன் நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் பணத்தை எங்கே போடுவது என்று யோசிக்கிறவர்களுக்கு அதில் நல்ல பாடம் இருக்கிறது.

விடுதியில் பிறந்த சங்கம்

பர்மிங்ஹாம் பட்டறைகள் நிறைந்த ஊர். அங்கே 'கோல்டன் கிராஸ்' என்று ஒரு விடுதி. அதை நடத்தியவர் ரிச்சர்டு கெட்லி. 1775ல் அந்த விடுதியில் கூடிய ஒரு சங்கம்தான் 'பில்டிங் ஸொஸைட்டி' என்ற இனத்துக்கே மூத்த பிள்ளை என்கிறார்கள். அங்கத்தினர்கள் மாதாமாதம் பணம் கட்டுவார்கள். ஒரு வீட்டுக்குப் போதுமான பணம் சேர்ந்ததும் ஒருவருக்கு வீடு. யாருக்கு முதலில்? சில சங்கங்களில் குலுக்கிப் போட்டார்கள். சிலவற்றில் ஏலம் கேட்டார்கள். நமக்குத் தெரிந்த சங்கதிதான்! கடைசி ஆளுக்கும் வீடு கிடைத்ததும் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நாலு வருஷம் கழித்து ஒருவர் சேர வந்தால் பழைய பாக்கி முழுவதையும் கட்டினால்தான் இடம். அவ்வளவு பணம் கையில் இருந்தால் அவர் ஏன் சீட்டுக்கு வருகிறார்? ஆகவே 1845ஐ ஒட்டி வேறு ஓர் ஏற்பாடு வந்தது. கலையாத சங்கம்; 'பெர்மனென்ட்' சங்கம். சேமிக்க விரும்புகிறவர் சேமிக்கலாம், வீடு வேண்டாம். வீடு வேண்டியவர் கடன் வாங்கலாம், முன்னால் சேமித்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் போடும் பணம் இன்னொருவர் வீட்டுச் சுவராக எழும்பும். அவர் கட்டும் வட்டி இவருக்கு வரும்.

அந்தப் 'பெர்மனென்ட்' என்ற சொல்லைச் சென்னைவாசிகள் எங்கேயோ கேட்டிருப்பார்கள். 1872ல் தொடங்கிய மயிலாப்பூர் ஹிந்து பெர்மனென்ட் ஃபண்டின் பெயரில் அதே சொல் இருக்கிறது. நம் 'நிதி'களும் இதே கோத்திரந்தான். அங்கத்தினர் பணத்தை அங்கத்தினருக்கே நகையின் பேரிலோ வீட்டின் பேரிலோ கடன் கொடுப்பது. வெளியாரிடம் டிபாஸிட் வாங்காமலிருப்பது.

முதலாளி யார்?

இந்தச் சங்கத்துக்கு முதலாளி யார் என்று கேட்டால், பணம் போட்டவரும் கடன் வாங்கியவரும்தான். அவர்களே அங்கத்தினர்கள். ஆயிரம் பவுண்டு போட்டவருக்கும் ஒரு ஓட்டு; ஐம்பதாயிரம் போட்டவருக்கும் ஒரு ஓட்டு.

இதனால் என்ன சௌகரியம் என்பதைச் சமையலறைக் கணக்காகப் பார்க்கலாம். ஒரு பாங்க் நூறு ரூபாய் டிபாஸிட்டுக்கு 6 ரூபாய் வட்டி கொடுத்து, அந்த நூறு ரூபாயை 8 ரூபாய் வட்டிக்கு வீட்டுக் கடனாகக் கொடுக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நடுவில் 2 ரூபாய். சம்பளம், வாடகை, வராத கடன் எல்லாம் போக அரை ரூபாய் மிஞ்சுகிறது. கம்பெனியாக இருந்தால் அந்த அரை ரூபாயில் ஷேர் வைத்திருப்பவருக்குப் பங்கு போக வேண்டும். அவர் அடுத்த வருஷம் முக்கால் ரூபாய் எங்கே என்று கேட்பார். அங்கத்தினர் சங்கத்தில் அப்படிக் கை நீட்ட மூன்றாவது ஆள் கிடையாது. மிஞ்சியதை வட்டியைக் கூட்டியோ குறைத்தோ அங்கத்தினருக்கே திருப்பலாம். இல்லாவிட்டால் கெட்ட காலத்துக்கென்று ஒதுக்கி வைக்கலாம்.

பெரும்பாலும் ஒதுக்கித்தான் வைத்தார்கள். வருஷத்துக்கு அரை ரூபாய் கால் ரூபாயாக, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. 1900 வாக்கில் இங்கிலாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருந்தன. பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணிக்கை குறைந்தது, பருமன் ஏறியது. யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் 1853ல் பிறந்த சங்கம் உலகத்திலேயே பெரிய பில்டிங் ஸொஸைட்டியாக வளர்ந்தது. அதன் பத்தாயத்தில் சேர்ந்திருந்த பொதுப் பணத்துக்குப் பெயர் எழுதிய சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. போட்டவர்களில் பலர் காலமாகியிருந்தார்கள்.

காற்று மாறியது

வீட்டுக் கடன் என்றால் பில்டிங் ஸொஸைட்டி என்றுதான் வெகு காலம் இருந்தது. பாங்குகள் அந்தப் பக்கம் அதிகமாக வரவில்லை. சங்கங்களும் தங்களுக்குள் பேசி வட்டி விகிதத்தை ஏறக்குறைய ஒன்றாக வைத்துக் கொண்டிருந்தன. 1980ல் பாங்குகளுக்கு இருந்த சில கட்டுப்பாடுகள் நீங்கின; அவையும் வீட்டுக் கடன் கொடுக்கப் புறப்பட்டன. 1983ல் சங்கங்களின் வட்டி ஒப்பந்தமும் குலைந்தது. போட்டி சந்தைக்கு வந்துவிட்டது.

போட்டியால் கடன் வாங்குகிறவருக்கு நன்மையே என்பதை மறுப்பதற்கில்லை. முன்பெல்லாம் சங்கத்தில் கடன் வேண்டுமென்றால் மாதக் கணக்கில் காத்திருந்து மானேஜரின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. அந்த நிலை மாறியது. ஆனால் சங்கத்தின் டைரக்டர்களுக்கு ஒரு மனக்குறை. "பாங்க் என்றால் ஷேர் விற்று முதல் திரட்டும். எங்களுக்கு அந்த வழி இல்லையே! எங்கள் கையைக் கட்டிவிட்டு ஓடச் சொன்னால் எப்படி?" என்றார்கள்.

1986ல் பார்லிமெண்ட் புதுச் சட்டம் போட்டது. அங்கத்தினர்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தால் சங்கம் தன்னைக் கம்பெனியாக மாற்றிக் கொள்ளலாம் என்று அதில் ஒரு கதவு வைத்தார்கள். 1989ல் அந்தக் கதவைத் திறந்து முதலில் வெளியே வந்தது 'அபி நேஷனல்'. அதன் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் 100 ஷேர் இனாமாகக் கிடைத்தது.

இனாம் என்ற சொல்லுக்கு எந்த ஊரிலும் ஒரு மவுசு உண்டல்லவா? கம்பெனியாக மாறினால் அதுவரை சேர்ந்த பொதுப் பணம் ஷேராக மாறி, அன்றைய தேதியில் யார் யார் அங்கத்தினரோ அவர்கள் கைக்குப் போகும். 1853ல் சிறுகச் சிறுகப் போட்ட நெசவாலைத் தொழிலாளிக்கு அதில் பங்கு இல்லை. 2053ல் வீடு தேடப்போகும் பெண்ணுக்கும் பங்கு இல்லை. தாத்தா நட்ட மாமரத்தைப் பேரன் விறகுக்கு விற்றுப் பணத்தைப் பங்கு போட்டுக் கொள்வதைப் போலத்தான். மரம் அவன் கையில் இருந்தது, ஆகையால் விற்றான்.

ஜமக்காளப் பைக்காரர்கள்

1997ஐ அந்த நாட்டில் இனாம் வருஷம் என்றே சொல்லலாம். ஹாலிஃபாக்ஸ், வூல்விச், அலையன்ஸ் அண்ட் லெஸ்டர், நார்தர்ன் ராக் ஆகிய நான்கும் அந்த ஒரே ஆண்டில் கம்பெனியாக மாறின. ஹாலிஃபாக்ஸில் மட்டும் சுமார் 75 லட்சம் பேர் ஷேர்க்காரர்களானார்கள். பலருக்கு அது ஆயிரம் இரண்டாயிரம் பவுண்டு பெறும். ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவளிடம் தபாலில் வந்த அந்தத் தொகையை "வேண்டாம் என்று சொல்" என்று உபதேசிப்பது சுலபமல்ல. பழைய சோபாவை மாற்றலாம், பிள்ளையின் படிப்புக்கு வைக்கலாம், ஒரு வாரம் கடற்கரைக்குப் போய்வரலாம். ஓட்டுப் போட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வேறொரு கூட்டமும் கிளம்பியது. இன்னும் மாறாத சங்கங்களைத் தேடித் தேடி, ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சத் தொகையைப் போட்டுக் கணக்குத் திறந்து, "நாளை இதுவும் மாறும், எனக்கும் இனாம் வரும்" என்று காத்திருந்தார்கள். இவர்களுக்கு 'கார்ப்பெட் பேக்கர்' என்று பெயர். ஜமக்காளப் பைக்காரர்கள் என்று சொல்லலாம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்ததும் ஜமக்காளத் துணியில் தைத்த பையோடு வடக்கிலிருந்து தெற்கே லாபம் தேடி வந்தவர்களுக்கு வைத்த ஏளனப் பெயர் அது. கல்யாண வீட்டுக்காரரைத் தெரியாது, பந்தியில் மட்டும் முதல் இலை வேண்டும் என்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

நேஷன்வைட் என்ற பெரிய சங்கத்துக்கு இவர்களால் பெரிய சோதனை வந்தது. 1997ல் மாற்றத்தை விரும்பியவர்கள் டைரக்டர் தேர்தலுக்கே நின்றார்கள், தோற்றார்கள். 1998ல் கம்பெனியாக மாறலாமா என்று ஓட்டு எடுத்தபோது மயிரிழையில்தான் சங்கம் தப்பியது. அந்த ஓட்டுக்கு முன்பே, 1997லேயே, புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். சங்கம் பின்னால் மாறினால் வரும் இனாம் தர்ம காரியத்துக்குப் போகட்டும் என்பதே அந்தப் பத்திரம். ஜமக்காளப் பைகள் மூட்டை கட்டிக் கொண்டன!

பிறகு என்ன ஆயிற்று?

கம்பெனியாக மாறியவை பெரிதாகி, பலமாகிப் போட்டியில் வெற்றி பெற்றனவா? கணக்கை வரிசையாகப் பாருங்கள்.

வூல்விச்சை 2000ல் பார்க்லேஸ் வாங்கிக் கொண்டது. அபி நேஷனலை 2004ல் ஸ்பெயின் தேசத்து சந்தாந்தேர் வாங்கியது; 2008ல் அலையன்ஸ் அண்ட் லெஸ்டரையும் அதுவே வாங்கியது. ஹாலிஃபாக்ஸ் 2001ல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்துடன் சேர்ந்து, 2008 நெருக்கடியில் தள்ளாடி, லாய்ட்ஸின் கையில் போய் விழுந்தது. 2000ல் கடைசியாக மாறிய பிராட்ஃபோர்டு அண்ட் பிங்லியை 2008ல் சர்க்கார் எடுத்துக் கொள்ள வேண்டி வந்தது. அந்த நாளில் மாறிய சங்கங்களில் இன்று சொந்தக் காலில் நிற்பது ஒன்றுகூட இல்லை.

நார்தர்ன் ராக் கதைதான் எல்லாவற்றிலும் பரிதாபம். நியூகாஸில் நகரத்துச் சங்கம் அது. 1850லும் 1865லும் பிறந்த இரண்டு பழைய சங்கங்கள் 1965ல் ஒன்று சேர்ந்து உண்டானது. பில்டிங் ஸொஸைட்டியாக இருக்கும் வரையில் நிதியில் பாதியாவது அங்கத்தினர் சேமிப்பாக இருக்க வேண்டும் என்று சட்டம் அணை போட்டிருந்தது. கம்பெனியானதும் அணை இல்லை. வேகமாக வளர்வதற்காகப் பெரிய பணச் சந்தையிலிருந்து கடன் வாங்கிக் கடன் கொடுத்தது. 2007 நடுவில் பார்த்தால், பொது ஜனங்களின் டிபாஸிட் அதன் மொத்தத்தில் சுமார் கால் பங்குதான். வீட்டின் மதிப்பு நூறு என்றால் நூற்றிருபத்தைந்து வரையில் கூடக் கடன் கொடுத்தது.

2007 ஆகஸ்டில் அந்தப் பணச் சந்தை உறைந்து நின்றது. செப்டம்பர் 14ஆம் தேதி காலையில் நார்தர்ன் ராக் கிளைகளின் வாசலில் ஜனங்கள் வரிசை நின்றார்கள். அந்நாளில் அங்கே 2,000 பவுண்டு வரைதான் முழு உத்தரவாதம். அதற்கு மேல் 33,000 பவுண்டுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. அதற்கும் மேலே இருந்தால் கடவுள் விட்ட வழி. வரிசையில் வயதானவர்கள் நிறையப் பேர். ஒரு பாங்க் வாசலில் இப்படி ஒரு காட்சியை அந்த நாடு நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்த்ததில்லை. 17ஆம் தேதி, "முழுப் பணத்துக்கும் நாங்கள் பொறுப்பு" என்று நிதி மந்திரி சொன்ன பிறகுதான் வரிசை கலைந்தது. 2008 பிப்ரவரியில் சர்க்கார் அதை எடுத்துக் கொண்டது. இனாமாக வந்த ஷேரை விற்காமல், "நம்ம ஊர் ஸ்தாபனம்" என்று பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? மதிப்பீட்டாளர் சொன்ன தொகை: பூஜ்யம்.

சங்கம் என்றால் சொக்கத் தங்கமா?

இதைப் படித்துவிட்டு, அங்கத்தினர் சங்கம் என்று பலகை மாட்டியிருந்தால் போதும், கண்ணை மூடிக் கொண்டு பணத்தைப் போடலாம் என்று யாரும் தீர்மானித்துவிடக் கூடாது.

ஸ்காட்லாந்தில் டன்ஃபெர்ம்லின் என்ற பில்டிங் ஸொஸைட்டி கம்பெனியாக மாறாமலே 2009ல் முறிந்தது. 1762ல் பிறந்த 'ஈக்விட்டபிள் லைஃப்' என்ற இன்ஷூரன்ஸ் ஸ்தாபனமும் அங்கத்தினர் சங்கந்தான். அது கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பணம் போதாமல் 2000 டிசம்பரில் புது அங்கத்தினரைச் சேர்ப்பதையே நிறுத்தியது. நம்பியிருந்த லட்சக் கணக்கானவர்களின் பென்ஷன் குறைந்தது. சென்னையிலேயே 1990களின் கடைசியிலும் 2000ஐ ஒட்டியும் சில நிதிகள் முறிந்து, ரிடையர் ஆனவர்களும் விதவைகளும் அலைந்ததை வாசகியரில் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

நேஷன்வைட்டையே எடுத்துக் கொள்ளுங்கள். அரசாங்கத்திடமிருந்து நார்தர்ன் ராக்கின் நல்ல பகுதியை 2012ல் வர்ஜின் மணி என்ற பாங்க் வாங்கியது. அந்தப் பாங்க் பிறகு இன்னொன்றோடு சேர்ந்தது. அதைச் சுமார் 290 கோடி பவுண்டு கொடுத்து 2024 அக்டோபரில் வாங்கியது யார்? அங்கத்தினர் சங்கமாகவே நின்ற நேஷன்வைட்! ஓடிப்போன பிள்ளையின் வீடு வாசல் தாய் வீட்டோடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை. விற்கலாமா என்று வர்ஜின் மணியின் ஷேர்க்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். வாங்கலாமா என்று நேஷன்வைட் அங்கத்தினர்களை யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. சட்டப்படி கேட்க வேண்டியதில்லை என்றது நிர்வாகம். லாபத்திலிருந்து தகுதியுள்ள அங்கத்தினருக்கு 100 பவுண்டு கொடுப்பதை 2023ல் தொடங்கிய சங்கந்தான் அது. பணம் கொடுத்தால் சந்தோஷம்; கேட்டுச் செய்தால்தானே மரியாதை?

கம்பெனியில் டைரக்டர் தவறு செய்தால் ஷேர்க்காரர் சும்மா விடமாட்டார். அவர் பணம் அதில் இருக்கிறது. சங்கத்தில் அங்கத்தினர் வாயைத் திறக்காவிட்டால் டைரக்டரைக் கேட்பார் யாருமில்லை. எல்லோருக்கும் சொந்தம் என்பது யாரும் கவனிக்காதது என்று ஆகிவிடுகிறது. பொதுக் குழாயடி பாசி பிடித்துக் கிடப்பது போலத்தான்.

நாம் கேட்க வேண்டியவை

வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, இந்த ஸ்தாபனம் யாருக்குச் சொந்தம்? லாபம் யார் கைக்குப் போகிறது?

இரண்டு, என் பணத்தை எங்கே கடன் கொடுக்கிறார்கள்? வீட்டின் பேரிலும் நகையின் பேரிலுமா, அல்லது யாரோ ஒருவருடைய பெரிய வியாபாரத்துக்கா?

மூன்று, கடன் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? என்னைப் போன்றவர்களின் சேமிப்பிலிருந்தா, நாளைக் காலையில் திருப்பிக் கேட்கக் கூடிய வெளிக் கடனிலிருந்தா? நார்தர்ன் ராக் வாசலில் நின்றவர்கள் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

இதோடு ஒரு சட்ட விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் பாங்க் டிபாஸிட்டுக்கு ஒருவருக்கு ஒரு பாங்கில் 5 லட்சம் ரூபாய் வரையில் இன்ஷூரன்ஸ் உண்டு. 2020ல் உயர்த்திய வரம்பு இது. கூட்டுறவு பாங்குகளுக்கும் இது பொருந்தும். நிதிகளுக்குப் பொருந்தாது. ஆகவே நிதியில் போடுகிறவர் அதன் வரவு செலவு அறிக்கையைத் தாமே பார்த்துக் கொள்ள வேண்டும். வட்டி ஊரை விட அதிகமாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை நிதியிலிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ மகாசபைக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வரும். பெரும்பாலான வீடுகளில் அது நேராகப் பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போகிறது. இந்த வருஷம் அதை எடுத்துப் பிரித்துப் படியுங்கள். வராக்கடன் எவ்வளவு, பொது ஒதுக்கு எவ்வளவு என்று இரண்டு எண்களையாவது தேடிக் கண்டுபிடித்து, போன வருஷத்து எண்களோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டு மாமியையும் அழைத்துக் கொண்டு கூட்டத்துக்கே போய், புரியாததை எழுந்து கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. கூட்டுறவுச் சங்கமானால், உங்களுக்கு இருப்பது ஒரு ஓட்டுத்தான் என்றாலும், அங்கே மற்றவர்களுக்கு இருப்பதும் அதே ஒரு ஓட்டுத்தான்.